யமுனா சொல்லாத கதை

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வந்த நாவல். கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்புக்கு வந்த பாபு என்ற இளைஞன், தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவின்மேல் கொண்ட ஆசைதான் கதை. பாபு ரங்கண்ணாவின் காலடியில் உட்கார்ந்து சங்கீதம் கற்கிறான். கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட தங்கம்மாவிடம் தடுமாறி, அந்தக் குற்ற உணர்ச்சியில் வெந்து போகிறான். பிறகு சென்னைக்குப் போகிறான். இத்தனையிலும் அவன் மனத்தில் எழுந்து அடங்கும் ஒவ்வோர் அலையும் நமக்குத் தெரிகிறது. யமுனாவோ அவன் கண்ணுக்குப் பட்ட அளவில்தான் தெரிகிறாள். அவள் பேசுகிறாள், கண்டிக்கிறாள், மறுக்கிறாள், பல ஆண்டுகள் கழித்துச் சம்மதிக்கிறாள். ஆனால் நாவல் ஏறக்குறைய முழுக்கவே பாபுவோடு நடக்கிறது. அவன் அவள் வீட்டு வாசற்படி இறங்கினால் நாமும் இறங்கிவிடுகிறோம். அதன் பிறகு அவள் தன் அம்மாவிடம் என்ன சொன்னாள், அன்று ராத்திரி தூங்கினாளா, இந்தப் பையனின் ஆசை அவளுக்குச் சுமையாக இருந்ததா துணையாக இருந்ததா என்பதெல்லாம் நமக்கு எட்டுவதில்லை.

இந்தக் கதையை யமுனாவே சொன்னால் எப்படி இருக்கும்? காதலிக்கப்பட்டவரின் வாயால் அதே காதல் கதையை மறுபடி சொல்வது இன்று ஆங்கிலத்தில், குறிப்பாக இளையோர் படிக்கும் காதல் நாவல்களில், நன்றாக வேரூன்றிவிட்ட வழக்கம். ஸ்டெஃபனி மேயர் 2005ல் எழுதிய ‘ட்வைலைட்’ நாவலைச் சொல்பவள் பெல்லா என்ற பள்ளி மாணவி. அவள் காதலித்த எட்வர்டே அந்தக் கதையைச் சொல்வதாக மேயர் இன்னொரு நாவலைத் தொடங்கினார். 2008ல் அதன் அரைகுறைப் பிரதி கசிந்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டார். கடைசியில் 2020 ஆகஸ்டில் ‘மிட்நைட் சன்’ என்ற பெயரில் அது வெளிவந்து முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்றது. வாங்கியவர்களுக்குக் கதை முன்பே தெரியும். யார் யாரைச் சந்திக்கிறார்கள், எங்கே பிரிகிறார்கள், எப்படிச் சேர்கிறார்கள் எல்லாம் தெரியும். எட்வர்ட் மற்றவர் மனத்தைப் படிக்க வல்லவன், பெல்லாவின் மனம் மட்டும் அவனுக்குப் பிடிபடாது. அவள் பார்வையில் கற்சிலைபோல் அசையாமல் நின்றவன் உள்ளுக்குள் எவ்வளவு பயந்தவன் என்பது இரண்டாவது நூலில்தான் தெரிகிறது. அது உண்மையான லாபம்தான். ஆனால் நிகழ்ச்சிகள் அப்படியே இருக்கின்றன. அவள் புரிந்துகொண்ட காதலின் பொருளும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

காதலிக்கப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்வதற்கு ஒரே ஒரு நியாயம்தான் இருக்க முடியும் என்பது என் வாதம். முதலில் சொன்னவருக்குத் தெரிய வழியே இல்லாத ஏதோ ஒன்று இவரிடம் இருக்க வேண்டும். அது வெளியே வந்ததும் முதல் கதைக்கு நாம் கொண்ட பொருள் மாற வேண்டும். இல்லாவிட்டால் அதே சாமி புறப்பாடு வேறொரு தெரு வழியாக வந்தது போலத்தான். இந்தச் சோதனையை வெளிநாட்டு நாவல்களை வைத்துச் செய்துபார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. காவிரிப் படுகையில் பிறந்த இலக்கியத்திலேயே அதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு யமுனாவிடம் திரும்புவதுதான் முறை.

சங்க அகப்பாடல்கள் எல்லாமே யாரோ ஒருவரின் பேச்சு. கவிஞர் தானாக நின்று கதை சொல்வதில்லை. தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று ஒரே உறவு பல வாய்களில் வருகிறது. யார் எப்போது பேசலாம் என்பதைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த மருதத் திணையில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். தலைவன் பரத்தையிடம் போய்வந்ததால் வரும் ஊடல். அங்கே மனைவியும் பேசுகிறாள், தோழியும் பேசுகிறாள், குற்றம் சாட்டப்பட்ட பரத்தையும் பேசுகிறாள். குறுந்தொகையின் எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது, அப்படி ஒரு பரத்தையின் கூற்று. மனைவி தன்னைப் பழித்ததைக் கேட்டு அவள் பதில் சொல்கிறாள். தன்னிடம் வந்தால் பெரிய பேச்சுப் பேசுகிறவன், தன் வீட்டுக்குப் போனதும் மனைவி ஆட்டுகிறபடி ஆடுகிறான் என்பது அவள் வாதம். வீட்டிலிருக்கும் மனைவிக்கு இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. தலைவன் ஒருநாளும் சொல்ல மாட்டான். வெளியே நிற்கும் மூன்றாவது ஆள்தான் இதைச் சொல்ல முடியும். ஆறே அடிக்குள் ஒரு குடும்பக் கதை தலைகீழாகிறது.

இதைவிடப் பெரிய சான்று பூம்புகாரில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா முடிந்து கோவலனும் மாதவியும் கடற்கரைக்கு வருகிறார்கள். காவிரி கடலில் சேரும் இடம் அது. கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான்; காவிரியைப் பாடுகிறான், கானலில் கண்ட ஒரு பெண்ணைப் பாடுகிறான். இவன் மனம் வேறு ஒருத்தியிடம் இருக்கிறது என்று மாதவிக்குப் படுகிறது. அவள் யாழை வாங்கி, தானும் வேறொருவனை நினைப்பவள்போல் பாடுகிறாள். அது ஊடல். அவனோ அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு, மாயக்காரி என்று முடிவுகட்டிப் போய்விடுகிறான். காப்பியத்தின் மற்ற எல்லாத் துயரங்களும் இந்த ஒரு தவறான புரிதலின்மேல்தான் நிற்கின்றன. மதுரைப் பயணம், சிலம்பு, கொலை, எரிந்த ஊர் என எதுவும் இந்தக் கடற்கரை மாலை இல்லாமல் நடந்திருக்காது.

அன்று மாலையே மாதவி தாழை மடலில் ஒரு கடிதம் எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் அதை வாங்க மறுக்கிறான். மறுக்கும் விதம்தான் கவனிக்க வேண்டியது. மாதவி தன்னோடு இருந்த பொழுதுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவள் சிரித்தது ஒரு கூத்து, அவள் வாடியது ஒரு கூத்து, பிரிவில் மயங்கி விழுந்ததும் ஒரு கூத்து என்று கண்கூடுவரியில் தொடங்கி எடுத்துக்கோள்வரி வரை எட்டு வகை வரிக்கூத்துகளின் பெயரைச் சூட்டுகிறான். அவள் ஆடல் மகள், ஆகவே அவள் செய்ததெல்லாம் ஆடல் என்பது அவன் தர்க்கம். காதலித்தவன் தன் கதையைச் சொல்லும்போது, காதலிக்கப்பட்டவளின் வாழ்க்கையை எவ்வளவு எளிதாக அவள் தொழிலுக்குள் அடைத்துவிட முடியும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான காட்சி தமிழில் வேறு இல்லை. இளங்கோ அதை அவன் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்.

இரண்டாவது கடிதம் மதுரைப் புறஞ்சேரியில் வருகிறது. கோசிகன் என்ற அந்தணன் அதைக் கொண்டுவருகிறான். தன் சொல்லில் பிழை இருந்தால் பொறுக்கும்படி மாதவி கேட்கிறாள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதையும் விட்டு, உயர்குடிப் பிறந்த மனைவியோடு ராத்திரியில் ஊரைவிட்டுப் போக நேர்ந்ததற்குத் தன் குற்றம் என்னவென்று தெரியாமல் தவிப்பதாக எழுதுகிறாள். அதைப் படித்ததும் கோவலனுக்குத் தெளிகிறது. அவள் குற்றமற்றவள், தவறு தன்னுடையது என்று உணர்கிறான். அதற்கு மேலும் ஒன்று செய்கிறான். அந்தக் கடிதத்தின் வாசகம் தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதத்துக்கு அப்படியே பொருந்துகிறது என்று கண்டு, அதையே அவர்களிடம் சேர்க்கும்படி கோசிகனிடம் திருப்பித் தருகிறான். மாதவியின் குரல் அவன் குரலாகிறது. காதலிக்கப்பட்டவளின் பக்கம் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுதான் அளவுகோல். கதாநாயகன் தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணமே மாறுகிறது. கடிதம் அவனிடம் வந்து சேர்ந்தபோது மட்டும் காலம் கடந்துவிட்டது.

சிலப்பதிகாரம் அதன் பிறகு மாதவியை நேரில் பேச வைப்பதில்லையே என்று வருந்தத் தேவையில்லை. அவள் கதையைச் சாத்தனாரின் மணிமேகலை எடுத்துக்கொண்டது. இந்திர விழாவில் ஆட வரச் சொல்லி வசந்தமாலை மறுபடி வருகிறாள். இம்முறை மாதவி கடிதம் எழுதவில்லை, நேருக்கு நேர் பதில் சொல்கிறாள். தான் பெற்ற மணிமேகலையைக் கண்ணகியின் மகள் என்றே சொல்லி, அவளை ஆட அனுப்ப முடியாது என்கிறாள். கோவலன் உயிரோடு இருந்திருந்தால் இந்த வார்த்தையை அவனால் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது.

அடுத்த சான்றுக்குக் கடற்கரையை விட்டுத் தஞ்சைக் கோட்டைக்கு வர வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை ஆண்டார். மன்னர் வீட்டு மொழி மராத்தி, ஊர் மொழி தமிழ், அவையில் கவிதைக்குத் தெலுங்கு. அந்த அவையில் இருந்த முத்துப்பழனி தேவதாசி மரபில் வந்தவர். ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவர். தன் கவிமரபைத் தந்தை வழியாகச் சொல்லாமல் பாட்டி வழியாகச் சொன்னவர். அவர் எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’ 584 பாடல்கள் கொண்ட காவியம். ராதை கண்ணன் காதலைப் பாடாத இந்திய மொழி இல்லை; ஜெயதேவரின் ராதையும் பேசுகிறாள், அழுகிறாள், ஊடுகிறாள். ஆனால் முத்துப்பழனி எடுத்த நிலை வேறு. அவருடைய ராதை, தான் வளர்த்த இளாதேவியைத் தானே கண்ணனுக்கு மணம் செய்து வைக்கிறாள். செய்து வைத்த பிறகுதான் தன் கைப்பொருளைத் தானே தாரைவார்த்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைக்கிறது. பொறாமை, கோபம், தன்மேலேயே வெறுப்பு, வயதாகிறதே என்ற நடுக்கம் எல்லாம் வருகின்றன. கடைசியில் கண்ணன் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது. காவியத்தின் பெயரே அந்தச் சமாதானத்திலிருந்து வந்ததுதான். விட்டுக்கொடுத்தவளின் மனம் கண்ணனுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவன் பெற்றுக்கொண்டவன். கண்ணன் பக்கத்திலிருந்து ஆயிரம் முறை சொன்னாலும் இந்தப் பகுதி கதைக்குள் வந்திருக்காது.

இந்தக் காவியத்துக்குப் பின்னால் நடந்ததும் என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. 1887ல் வந்த ஒரு பதிப்பில் பாடல்கள் சில விடுபட்டிருந்தன. பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பிடித்து, 1910ல் சென்னை வாவிள்ள பதிப்பகம் மூலம் முழு நூலையும் கொண்டுவந்தார். தெலுங்கின் பெரிய சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் இந்த நூலும் இதை எழுதியவரும் ஒழுக்கமற்றவர்கள் என்ற முறையில் முன்பே எழுதியிருந்தார். வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா, இதைவிட வெளிப்படையாக எழுதிய ஆண்களின் நூல்களைப் படிக்கலாமா என்ற பொருளில் நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். 1911ல் அரசு நூலைத் தடைசெய்தது. சென்னை மாகாணத்தில் டி. பிரகாசம் ஆட்சிக்கு வந்த பிறகுதான் தடை நீங்கியது. 1952ல் நூல் மறுபடி வெளிவந்தது. இதே நாகரத்தினம்மாள்தான் திருவையாற்றில் காவிரிக் கரையில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று இருந்த காலத்தில் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தவரும் அவரே. முத்துப்பழனியை எதிர்த்தவர்களுக்குப் பொருளைவிடச் சொன்ன வாய்தான் பெரிய இடைஞ்சலாக இருந்தது. காதலிக்கப்படுகிறவள் காதலிக்கிறவளாகவும் எடைபோடுகிறவளாகவும் மாறியதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

இப்போது யமுனாவிடம் வரலாம். பாபுவுக்குத் தெரியாத எது அவளிடம் இருக்கிறது? முதலில், அவள் பிறப்பின் கணக்கு. அவள் தாய் பார்வதி தஞ்சாவூர் மராட்டியப் பெண். தந்தை தமிழ்ப் பிராமணர், ஏற்கெனவே மனைவி மக்கள் உள்ளவர். பெண் பார்க்க வருகிறவர்கள் இந்த விவரம் தெரிந்ததும் ஒதுங்கிவிடுகிறார்கள். பாபுவின் கண்ணில் இது யமுனாவுக்கு நேர்ந்த அநியாயம், அவள் அழகின்மேல் விழுந்த நிழல். யமுனாவின் பக்கத்திலோ இது சட்டமும் நிலமும் சம்பந்தப்பட்ட விஷயம். வெவ்வேறு சாதியார் செய்துகொண்ட இந்துத் திருமணங்கள் செல்லும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் ஒரு சட்டம் வந்தது 1949ல்தான். ஒரு மனைவி இருக்க இன்னொரு மணம் கூடாது என்று சென்னை மாகாணம் சட்டம் செய்ததும் அதே 1949ல். இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது என்று 1941ல் ஃபெடரல் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் விரித்தது 1947ல். தஞ்சை ஜில்லாவில் சொத்து என்றால் நஞ்சைதான். குறுவையும் சம்பாவும் தாளடியும் அறுத்து, குத்தகை நெல் அளந்து வீட்டுக்கு வந்தால்தான் அடுப்பு எரியும். அந்த நெல்லின்மேல் உறுதியான உரிமை இல்லாத ஒரு மராட்டிய விதவையும் அவள் மகளும் ஒவ்வொரு போகத்தையும் எப்படிக் கடந்திருப்பார்கள்? அந்த வீட்டில் வறுமை படிப்படியாக ஏறுகிறது என்பதை நாவல் சொல்கிறது. எத்தனை மரக்கால் குறைந்தது, எந்த நகை முதலில் போனது, எந்த நாள் அரிசி இல்லை என்பது அந்தப் பெண்களுக்கு மட்டுமே தெரிந்த வரலாறு.

இரண்டாவது, வழிபடப்படுவதன் பாரம். பாபு யமுனாவைத் தெய்வத்துக்குச் சமமாகப் பார்க்கிறான். அவன் ஆசை அவளைத் தீண்டத் துடிக்கிறது, பக்தி விலகி நிற்கச் சொல்கிறது; அவன் வேதனை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஜானகிராமன் இதை எழுதிய அழகுக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் தெய்வமாக்கப்பட்டவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பெண் கேட்டு வருகிறவன் ‘நீ யார் வீட்டுப் பெண்’ என்று விலகுகிறான். ஆசைப்படுகிறவன் ‘நீ மனுஷியே இல்லை’ என்கிறான். ஒருவன் அவளைக் கீழே தள்ளுகிறான், மற்றவன் மேலே ஏற்றுகிறான். இருவருமே அவளைச் சாதாரணப் பெண்ணாக உட்கார விடுவதில்லை. இந்த இரண்டும் ஒரே தனிமையின் இரண்டு முகங்கள் என்று யமுனாவால் மட்டுமே சொல்ல முடியும். அவள் அதைச் சொன்னால் பாபுவின் காதலை நாம் பழையபடி படிக்க முடியாது. அதன் மேன்மை குறையாது; ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது, அதை வேறொருத்தி கொடுத்தாள் என்பது தெரிந்துவிடும்.

தங்கம்மாவையும் இங்கே நினைக்காமல் போவது நியாயமில்லை. கிழவரின் இளம் மனைவி, பாபுவை நாடியவள், பிறகு தன் உயிரை மாய்த்துக்கொண்டவள். பாபுவின் கதையில் அவள் ஒரு சோதனையாகவும் ஒரு குற்ற உணர்ச்சியாகவும் வருகிறாள். யமுனாவுக்காவது பேச வாய் மிஞ்சியது. தங்கம்மாவின் பக்கத்தை எழுத முனைகிறவருக்கு இன்னும் கடினமான வேலை காத்திருக்கிறது.

இதற்கெல்லாம் எதிர்வாதம் உண்டு. அவற்றில் முதலாவது இலேசானதல்ல. யமுனா பிடிபடாமல் இருப்பதுதானே மோகமுள்ளின் முள்? அவள் மனத்தைத் திறந்து வைத்துவிட்டால் நாவலின் உயிரே போய்விடாதா? பாபுவுக்குப் பிடிபடாமல் இருப்பது வேறு, வாசகருக்கு என்றைக்கும் பிடிபடாமல் இருப்பது வேறு. மாதவியின் கடிதம் வந்ததால் கானல்வரியின் மயக்கம் குறைந்துவிடவில்லை; திரும்பப் படிக்கும்போது இரண்டு பாட்டுகளும் இன்னும் வலிக்கின்றன. ஜீன் ரீஸ் என்ற கரீபியன் எழுத்தாளர் 1966ல் ‘வைட் சர்காசோ சீ’ எழுதினார். ஷார்லட் பிராண்டேயின் 1847ஆம் ஆண்டு நாவலான ‘ஜேன் ஐர்’ மாடியறையில் பைத்தியம் என்று பூட்டி வைத்த பெண்ணின் கதை அது. அதற்குப் பிறகும் ‘ஜேன் ஐர்’ படிக்கப்படுகிறது. முன்பு பார்க்காமல் கடந்துபோன அந்த மாடியறை இப்போது வாசகர் மனத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல மூலநூல் இதைத் தாங்கும். மோகமுள் நல்ல மூலநூல்.

ஜானகிராமனைவிடப் பெண்மனம் அறிந்தவர் யார், அவர் சொல்லாததை இன்னொருவர் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா என்பார்கள் சிலர். அவர் பெண்மனம் அறிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் 1975ல் வந்த ‘மரப்பசு’வில் அம்மணி என்ற பெண்ணையே ‘நான்’ என்று பேச வைத்தார். ஆணின் தோள்மேலிருந்து பார்ப்பதற்கும் பெண்ணின் வாயிலிருந்து கேட்பதற்கும் உள்ள தூரத்தை அவர் தம் எழுத்திலேயே நடந்து காட்டியிருக்கிறார். யமுனாவுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை என்பதைச் சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவு ஆகாது.

யமுனாவின் பக்கத்தைப் பெண்தான் எழுத வேண்டும், அதுவும் தஞ்சை மராட்டியக் குடும்பத்துப் பெண்தான் எழுத வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்லும். முத்துப்பழனி எழுதியதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மாதவியின் கடிதங்களை எழுதியது இளங்கோ. பிறப்பு ஒரு தொடக்கம் தரலாம். மீதி எல்லாம் உழைப்பு. தஞ்சாவூரில் மராட்டியர் ஆட்சி 1676 வாக்கில் ஏகோஜியோடு தொடங்கி 1855ல் கடைசி மன்னர் சிவாஜியோடு முடிந்தது. ஆட்சி போனாலும் குடும்பங்கள் போகவில்லை. அவர்கள் வீட்டுக்குள் பேசிய மராத்தி இரண்டு நூற்றாண்டுத் தமிழோடு கலந்து, புனேக்காரருக்குப் புதிதாகக் கேட்கும் ஒன்றாக வளர்ந்தது. யமுனா கோபப்படுவதும் கணக்குப் போடுவதும் அம்மாவோடு சண்டை போடுவதும் அந்தப் பேச்சில்தான் நடந்திருக்க வேண்டும். பாபுவிடம் வரும்போதுதான் அவள் தமிழுக்கு மாறியிருப்பாள். எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அந்த வீட்டுப் பேச்சையும் சமையலையும் பண்டிகைகளையும் காது கொடுத்துக் கற்காமல் ஒரு பக்கம்கூட எழுத முடியாது.

எனக்கு உண்மையில் கவலை தரும் ஆட்சேபம் வேறு. இப்படி மறுபடி சொல்லப்படும் கதைகளில் பழைய பாத்திரங்கள் இன்றைய வாக்கியங்களைப் பேச ஆரம்பித்துவிடுகின்றன. யமுனா 1940களின் கும்பகோணத்தில் நின்றுகொண்டு இன்றைய மேடைப் பேச்சைப் பேசினால் அவளுக்கு நியாயம் கிடைக்காது. அவள் மறுபடியும் காணாமல்தான் போவாள். மாதவியின் இரண்டாவது கடிதம் இங்கே வழிகாட்டுகிறது. அவள் அடி பணிந்துதான் எழுதுகிறாள், பிழை பொறுக்கத்தான் கேட்கிறாள். கண்ணகியின் குடிப்பெருமையைத் தானே எடுத்துச் சொல்கிறாள். தன் காலம் தன் நிலைக்கு அனுமதித்த சொற்களுக்குள்ளேயே நின்று, ‘என் குற்றம் என்ன’ என்ற கேள்வியைக் கேட்கிறாள். அந்த அடக்கம்தான் கோவலனை உடைக்கிறது. யமுனாவின் பக்கமும் அப்படி இருக்க வேண்டும். அவளுக்குச் சாத்தியமில்லாத துணிச்சலை அவளுக்குத் தருவதைவிட, அவளுக்கு இருந்த துணிச்சலைச் சரியாக எடுத்துக் காட்டுவது மேல்.

விற்பனைக்காகச் செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் வேண்டாம். சில நூல்கள் அதற்காகத்தான் எழுதப்படுகின்றன, அவை தாமே மறக்கப்படும். ஜானகிராமன் மறைந்தது 1982 நவம்பரில். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டைத் தொடர்ந்து 60 ஆண்டுகள், அதாவது 2042 முடியும்வரை, அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அதுவரை உரிமையாளர்களின் இசைவோடுதான் இந்த வேலை நடக்க முடியும். அது நல்லதே, அவசரக்காரர்களை அது தள்ளி நிறுத்தும்.

இசைவு கிடைத்தாலும், எழுத வருகிறவரை அளந்து பார்க்க ஒரே ஓர் அத்தியாயம் போதும். பாபு சென்னைக்குப் போன பிறகு, யமுனா அவனைத் தேடிச் சென்னைக்கு வருவதற்கு முந்தைய அத்தியாயம் அது. மூல நாவலில் நாம் சென்னையில் பாபுவோடு இருக்கிறோம். ஒருநாள் அவள் மெலிந்துபோய் வந்து நிற்கிறாள். நடுவில் உள்ள காலம் முழுக்க அவளுடையது. பசி அவளை அனுப்பியதா, அம்மா அனுப்பினாளா, இத்தனை ஆண்டுகள் மறுத்த ஒருவன்மேல் தனக்கும் ஆசை இருக்கிறது என்பது எந்த நாளில் அவளுக்குத் தெரிந்தது, அல்லது அப்படி எதுவும் இல்லாமலேயே வந்தாளா? பசி என்று மட்டும் எழுதினால் அவள் பரிதாபத்துக்குரியவள் ஆகிவிடுவாள். காதல் என்று மட்டும் எழுதினால் பாபு ஏற்கெனவே நம்பியதைத்தான் திருப்பிச் சொன்னதாகும். இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பின்னிக்கொண்டன என்பதை அவள் தன் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் தன்னை நியாயப்படுத்தாமல் சொல்ல வேண்டும். இந்த அத்தியாயத்துக்கு விடை இல்லாதவர் யமுனாவின் நாவலைத் தொடங்க வேண்டாம்.